புல் வெட்ட வந்தவரிடம் சொல்லாதது

அந்த வேலைக்கு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மாடி வீட்டு மராத்தி அம்மாள் வியாழக்கிழமைதோறும் கல்யாணில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்புவார். அவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் ஆளை வரச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை நான் யாரிடமும் இப்படி வரிசையாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. பம்பாயில், செம்பூரில் ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். கல்யாணம் வரைக்கும் மாட்டுங்காவில் ஒரு ரூமும் சமையலறையுமாக வாழ்ந்தவள் நான். செம்பூர் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு நிலத்தைப் பார்த்துத்தான் வாடகை கூட இருந்தாலும் பரவாயில்லை என்று வந்தோம். முதல் வருஷம் கணவரே புல் பதித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரம்பு நாற்காலியைத் தூக்கிப்போய் நடுவில் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். பம்பாயில் சொந்தப் புல்லில் கால் வைத்து உட்காருகிறவன் எத்தனை பேர் என்று என்னிடம் கேட்பார். அடுத்த வருஷம் அவருக்கு வேலையில் ஊர் ஊராகப் போகிற பொறுப்பு வந்தது. ஜூனில் மழை பிடித்தது. ஆகஸ்டுக்குள் புல் என் இடுப்பைத் தொட்டுவிட்டது. மேற்கு மூலையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன தகரங்களும் உடைந்த ஓடுகளும் ஒரு குவியலாகக் கிடந்தன. அவற்றின் மேலும் ஒரு கொடி ஏறி மூடிவிட்டது. துணி காயப்போடக்கூட நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன்.

அக்டோபரில் என் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. அம்மா இல்லாத வீடு எங்களுடையது. எல்லாம் நான்தான் செய்ய வேண்டும். அப்பாவின் மாட்டுங்கா ரூமில் இருபது பேர் உட்கார முடியாது. செம்பூரில் பின்னால் பந்தல் போட்டு நடத்திவிடலாம் என்று நான் பெருமையாகச் சொல்லி, எல்லோரையும் அழைத்தும் விட்டேன். நாள் குறித்தது புதன்கிழமை. அதற்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு காலையில் மாடி அம்மாள் இறங்கி வந்து, மூலையில் தகரத்துக்கு அடியிலிருந்து பாம்பு ஒன்று வெளியே வந்து வெயிலில் கிடந்ததைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்ததாகச் சொன்னார். தன் முன்கையைக் காட்டி, இத்தனை தடிமன், முதுகில் சங்கிலி போட்டது போல வரிசையாக வட்டம் என்றார். மராத்தியில் அதற்கு ஒரு பெயர் சொன்னார். எனக்கு அது புரியவில்லை. பாம்பு என்பது புரிந்தது.

செம்பூர் நாக்கா என்கிற நாற்சந்தியில் காலை வேளையில் கூலியாட்கள் வரிசையாக நிற்பார்கள். அங்கிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தேன். அவர்கள் புல்லை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கூலி பேசிக்கொண்டிருக்கும்போது, மாடி அம்மாள் ஜன்னலிலிருந்து குனிந்து, மூலையில் ஜாக்கிரதை, பாம்பு இருக்கிறது என்று ஹிந்தியில் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் வரவில்லை. மறுநாள் இன்னொருவன் வந்தான். அவனும் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். எனக்கு மாடி அம்மாள் மேல்தான் கோபம் வந்தது. இவருக்கு ஏன் இந்த வேலை என்று நினைத்தேன்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பூக்காரி உட்கார்ந்திருப்பாள். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அவளிடம்தான் எங்கள் வீட்டுக்குப் பூ. என்னைப் பாப்பா என்று கூப்பிட்டுப் பழகியவள். கல்யாணமாகி ஆபீஸ் பையோடு போய் நின்றபோதும் பாப்பாதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. லேபர் கேம்ப் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் வீடு. சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசாமல் நான் போனதில்லை. வளைகாப்புக்குப் பூ சொல்லப் போனவள், தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காத கதையையும் சொன்னேன். ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரு இருக்காவல்லா பாப்பா," என்றாள் அவள். "மில்லு வேல போனதுலேருந்து கெடச்ச வேலைய எல்லாம் செய்யுதாவ. ஊர்ல வயக்காட்டு வேல பாத்த ஆளுதான. அனுப்பி வைக்கேன்."

எந்த நாள் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன்.

அவர் காலை ஏழரை மணிக்கே வந்துவிட்டார். ஐம்பதை நெருங்குகிற வயது. ஒல்லியான, உயரமான மனிதர். பரேலில் நூல் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் மனைவி சொல்லி எனக்குத் தெரியும். ஒரு சாக்கில் அரிவாளும் மண்வெட்டியும் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு. அதையும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு இறங்கினார். நான் அன்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாய்வரை வந்தது. சொன்னால் இவரும் போய்விடுவார், புதன்கிழமைக்கு ஆறு நாள்தான் இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். இவ்வளவு சத்தத்தில் அது எப்போதோ ஓடியிருக்கும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் குனிந்த முதுகு நிமிராமல் அறுத்தார். அறுத்த புல்லைக் கையில் கூட்டி, ஒரே அளவாகச் சிறு கட்டுகளாக அடுக்கிக்கொண்டு போனார். பத்தரை மணிக்கு டீ கொடுத்தேன். வேலைக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரில்தான் கொடுத்தேன். அவர் அதைக் குடித்துவிட்டு, குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தரை தெரிய ஆரம்பித்திருந்தது. கணவர் பதித்த புல் அடியில் மஞ்சளாகக் கிடந்தது. அதைக் காட்டி, வெயில் பட்டால் பத்து நாளில் பச்சை பிடித்துவிடும், தண்ணீர் மட்டும் காட்டுங்கள் என்றார். என் தங்கைக்கு எத்தனாவது மாதம் என்று கேட்டார். தன் மகளுக்கும் தை மாதம் பிள்ளை பிறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி அரிவாளை எடுத்தார்.

பதினொன்றரை இருக்கும். முக்கால்வாசி இடம் வெளுத்துவிட்டது. மூலை மட்டும் பாக்கி. அவர் அங்கே போகாமல் கட்டுகளை வாசல் பக்கம் சுமக்கத் தொடங்கினார். அந்தக் குவியல் பந்தலுக்கு இடைஞ்சல், அசிங்கமாகவும் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. ஜன்னலில் நின்றபடி, "அந்தத் தகரத்தையும் எடுத்துடுங்களேன்," என்றேன்.

"சரிம்மா," என்றார்.

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். தகரம் சரிகிற சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்சம் கழித்து அவர் பின்வாசல் படியில் வந்து நின்றார். இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கயிறு ஏதும் இருக்காம்மா," என்று கேட்டார்.

கொடிக்கயிற்றை அறுத்துக் கொடுத்தேன். எனக்கு முடிச்சுப் போட வரவில்லை. அவரே பல்லில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு கட்டிக்கொண்டார். ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கியது. ஆட்டோ சிக்னலில் நின்றபோது, மிச்சத்தை நாளைக்கு வந்து முடித்துவிடுகிறேன் என்றார். அவருடைய ஈறிலிருந்து ரத்தம் கசிவதை அப்போதுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் பாம்பு எப்படி இருந்தது என்று கேட்டார். கடிபட்டவர் சரியாகப் பார்த்திருக்கவில்லை. தடியாக இருந்தது, சீறியது என்றார். சங்கிலி போல வட்டம் வட்டமாக இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. டாக்டர் எழுதிக்கொண்டார். படுக்கையில் இருந்தவர் தலையைத் திருப்பி ஒருமுறை என்னைப் பார்த்தார். கண்ணாடி விரியன் என்று தமிழில் அதற்குப் பெயர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

பூக்காரியை மாட்டுங்காவுக்குப் போய் நானே அழைத்து வந்தேன். கூடையைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஊசி போட்டுவிட்டார்கள், நேரத்தோடு கொண்டுவந்துவிட்டோம், பிழைத்துவிடுவார் என்று நர்ஸ் சொன்னதும், அவள் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று மாலை கல்யாணிலிருந்து திரும்பிய மாடி அம்மாள் விஷயம் கேள்விப்பட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புல் வெட்ட வந்தவரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தாய் அல்லவா என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதல் இரண்டு நாள் தேறுவது போலத்தான் இருந்தது. சனிக்கிழமை சிறுநீர் நின்றுவிட்டது. முகம் ஊதியது. இந்தப் பாம்பின் விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்றார்கள். மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஊரிலிருந்து திரும்பியிருந்த என் கணவர் மருந்துச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தார். அவரிடம் மட்டும் நடந்ததை உள்ளபடி சொன்னேன். கையிலிருந்த சீட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதை இனிமே யார்கிட்டயும் பேசாதே," என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசும்போது வேறு எங்கோ பார்த்துப் பேசுவதாக எனக்குப் பட்டது.

திங்கட்கிழமை நான் ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூக்காரி வார்டு வராந்தாவில் உட்கார்ந்து மடியில் மல்லிகை மொட்டுகளைக் குவித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கேம்ப்பிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் இது எதற்கு, வளைகாப்புக்கு நான் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கை சும்மா இருந்தால் மனசு அடித்துக்கொள்கிறது, சொன்ன பூவைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். வார்டுக்குள் என்னைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு அவருக்குக் கஞ்சி வாங்கக் கீழே போனாள்.

அவர் விழித்துத்தான் இருந்தார். முகமே வேறு ஆளுடையது போல இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மூலையில் பாம்பு இருப்பது எனக்கு முன்னமே தெரியும், தெரிந்துதான் தகரத்தை எடுக்கச் சொன்னேன் என்று சொன்னேன். அழுதுகொண்டே சொல்லவில்லை. அழுகை வரவில்லை.

அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிருந்தாலும் வந்திருப்பேம்மா," என்றார். "ஊர்ல பாக்காத பாம்பா. ஒரு நீளக் கம்பு கொண்டாந்திருப்பேன். அம்புட்டுத்தான்."

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு மறுபடி பேசினார்.

"அவகிட்டச் சொல்லாண்டாம். ஒங்கள ரொம்ப நம்புதா."

சரி என்றேன். அப்போது அவள் கஞ்சியோடு வந்துவிட்டாள். ஒரு கையால் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பூனால் ஊட்டினாள். நான் அவருடைய கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வளைகாப்பு நடந்தது. நிறுத்திவிடலாம் என்று கணவரிடம் கேட்டேன். என்ன காரணம் சொல்வாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். மேற்கு மூலையைப் பந்தல்காரர்கள் ஒரு பெரிய துணியால் மறைத்துவிட்டார்கள். பாம்பு பிடிக்கிறவர் ஒருவரை வைத்துத் தேடியதில் அங்கே ஒன்றும் அகப்படவில்லை. காலையில் லேபர் கேம்ப்பிலிருந்து ஒரு பெண் வந்து பூக்கூடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடர்த்தியாக, இடைவெளியே இல்லாமல் கட்டிய பூ. உறவுக்காரப் பெண்கள் அதைத் தூக்கிப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டுப் பாராட்டினார்கள். நான் தங்கைக்குத் தலையில் வைத்துவிட்டேன். முதல் வளையலை நான்தான் போட வேண்டும். போட்டேன். அவள் சிரித்துக்கொண்டு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் தோட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பம்பாயில் இப்படி ஓர் இடமா என்றார்கள்.

வியாழக்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூக்காரி வராந்தாவில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடி காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"போயிட்டாவ பாப்பா," என்றாள்.

லேபர் கேம்ப்புக்குள் நான் அதுவரை போனதில்லை. அன்று மத்தியானம் போனேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அவரைக் கிடத்த வீட்டுக்குள் இடம் போதாமல் வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மகள் தன் நிறைந்த வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இதே மாதம் வளைகாப்பு வைத்திருந்தார்களா என்று நான் கேட்டதே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. என்னைப் பார்த்ததும் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். இந்த அம்மாதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, வேறு ஆளாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார்கள் என்று ஒருத்தி மற்றவர்களுக்குச் சொன்னாள். வயதான ஒரு மனிதர் என் முன்னால் கைகூப்பினார். யாரோ சோடா உடைத்து என் கையில் கொடுத்தார்கள். நான் அதைக் குடித்தேன். எழுந்து ஓடவும் முடியவில்லை, அங்கே உட்காரவும் முடியவில்லை.

டிசம்பரில்தான் அவள் மறுபடி ஸ்டேஷன் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை அவளைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். சுற்றிப் போகலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள். என் தங்கையைப் பற்றிக் கேட்டாள். தன் மகளின் பெயரைத் தலைப்பிரசவத்துக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள். பூவை முழம் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"பாப்பா, அங்கன பாம்பு கெடக்கது ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?"

ரயில் ஒன்று வந்து நின்றது. கூட்டம் எங்களைச் சுற்றி இறங்கிப் போனது. அவ்வளவு நேரமும் அவள் காத்திருந்தாள்.

"தெரியாது," என்றேன்.

"அதான. தெரிஞ்சா சொல்லிருப்பீகளே," என்றாள். பூவை இலையில் மடித்து என் கையில் வைத்தாள்.

அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று சில வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்காமல் இருந்திருந்தாலும் அன்று நான் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் நிஜம்.

கணவர் பின்னால் இருந்த நிலம் முழுவதையும் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார். மாடி அம்மாள் என்னோடு எப்போதும் போலவே பழகினார். ஒருமுறை மட்டும், சொல்லியும் அந்த மனிதர் கையை வைத்துவிட்டாரே, பாவம் என்றார். நான் அப்பாவைப் பார்க்கப் போகும்போது ஸ்டேஷனின் அடுத்த பக்கத்துப் படியில் இறங்கப் பழகிக்கொண்டேன். அப்பா ஒருநாள், பூக்காரி உன்னை விசாரித்தாள், ஏன் அந்தப் பக்கமே வருவதில்லை என்று கேட்டாள் என்றார். ஆபீசில் வேலை என்று சொல்லச் சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து அப்பாவை எங்களோடு அழைத்து வந்து மாட்டுங்கா ரூமைக் காலி செய்தோம். சாவியை ஒப்படைத்த அன்று, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஸ்டேஷன் வாசலுக்குப் போனேன். அவள் இருந்த இடத்தில் வேறொருத்தி ரோஜாவும் சாமந்தியும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். தமிழ் தெரியாதவள். முன்பு இங்கே இருந்த தமிழ்ப் பூக்காரி எங்கே என்று ஹிந்தியில் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டாள் என்றாள். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை. லேபர் கேம்ப்பில் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். சந்து எனக்கு நினைவிருந்தது. அங்கே நடந்தே போகக்கூடிய தூரம்தான். நான் பிளாட்பாரத்துக்கு ஏறிப் போய் ரயில் பிடித்தேன்.